சிடிசியை மட்டும் நம்பி மலையிறங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு மூன்று ஆண்டு அனுபவத்தோடு வேலை மாறும் நீலகிரி இளைஞர்களுக்குக் கோவையிலும் பெங்களூருவிலும் ஒரே நேரத்தில் வேலை கிடைப்பதுண்டு. எதில் சிடிசி, அதாவது நிறுவனம் ஓர் ஊழியருக்காக ஆண்டுக்குக் கணக்கிடும் மொத்தத் தொகை, அதிகம் என்று மட்டும் பார்த்துப் பலர் முடிவெடுக்கிறார்கள். இது கவலை தருகிறது.

ஒரு கணக்கு. கோவையில் ஆண்டுக்கு 4.8 லட்சம், அத்தனையும் நிலையான சம்பளம். பெங்களூருவில் 6.6 லட்சம், அதில் 60,000 ரூபாய் வேரியபிள், அதாவது செயல்பாட்டைப் பொறுத்து மாறும் தொகை. பார்வைக்கு மாதம் 15,000 கூடுதல். ஆனால் சிடிசிக்குள்ளேயே நிறுவனத்தின் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பங்கு, அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதமும், கிராஜுவிட்டி (பணிக்கொடை) 4.81 சதவீதமும் அடங்கியிருக்கும். அடிப்படைச் சம்பளம் நிலையான தொகையில் பாதி என்று வைத்து, ஊழியரின் பிஎஃப் பங்கையும் தொழில் வரியையும் கழித்தால், மாதாமாதம் கைக்கு வருவது கோவையில் சுமார் 34,000, பெங்களூருவில் 42,500. வித்தியாசம் 8,500தான். பிஎஃப் நம் சேமிப்பே, ஆனால் அதை எடுத்து வாடகை கட்ட முடியாது.

அந்த 8,500-க்குள் வாடகை, சாப்பாடு, பயண வித்தியாசம் அடங்குமா? அந்த அலுவலகம் இருக்கும் பகுதியில் குடியிருப்பவர்களிடமே வாடகை கேளுங்கள். நகரத்துச் சராசரி உதவாது. அடுத்தது அட்வான்ஸ். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், மூன்று மாத வாடகையோடு நிறுத்துகிறது. பெங்களூருவில் பல மாத வாடகையை மொத்தமாகக் கேட்பார்கள். பசுந்தேயிலை விலையை நம்பியிருக்கும் வீட்டுக்கு அது கடன்.

ஊருக்கு வந்துபோவதும் செலவுதான். பெங்களூருவிலிருந்து வந்தால், பந்திப்பூர் வனச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை, அனுமதி பெற்ற சில பேருந்துகள் தவிர, வாகனங்களுக்குத் தடை. வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து கிளம்புபவர் இரவு 9 மணிக்குள் அந்த வனத்தைக் கடக்க முடியாது.

இனி பேரம். "அங்கே செலவு அதிகம்" என்ற வாதம் பெரும்பாலும் எடுபடாது. நிறுவனங்கள் அந்த ஊரில் அந்த வேலைக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்துத்தான் சம்பளம் வைக்கின்றன. செலவுக் கணக்கு உங்களுக்கு. அவர்களிடம் உங்கள் திறமையையும் கையிலிருக்கும் இன்னொரு ஆஃபரின் நிலையான தொகையையும் சொல்லுங்கள். இல்லாத ஆஃபரைச் சொல்லாதீர்கள், நகல் கேட்பார்கள். கேட்கும் தொகை ஒன்றாக இருக்கட்டும். "ஆறரையிலிருந்து ஏழரை" என்றால் ஆறரைதான் கிடைக்கும். மேற்சொன்ன கணக்கின்படி, கையில் மாதம் 1,000 ரூபாய் கூட வேண்டுமானால் சிடிசியில் ஆண்டுக்கு சுமார் 14,000 கூட்டிக் கேட்க வேண்டும். பிஎஃப்புக்கு மாதம் 1,800 மட்டும் பிடிக்கும் நிறுவனமானால் கணக்கு மாறும். அதனால் சம்பளப் பிரிவினையை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

பட்ஜெட் இல்லை என்று நிறுவனம் சொன்னால், வேரியபிளில் ஒரு பகுதியை நிலையான சம்பளத்துக்கு மாற்றக் கேட்கலாம். வீட்டு அட்வான்ஸை ஈடுகட்ட, வேலையில் சேரும்போது தரும் ஜாயினிங் போனஸ் கேட்கலாம். ஓராண்டுக்குள் விலகினால் அதைத் திருப்பித் தரும் நிபந்தனை பொதுவாக இருக்கும், படித்துப் பாருங்கள். ஆறு மாதத்தில் சம்பள மறுபரிசீலனை என்று வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வேண்டும். திருத்திய ஆஃபர் லெட்டர் மெயிலில் வந்து சேரும்வரை மற்ற நிறுவனத்துக்கு மறுப்புச் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
வாசகர், கோத்தகிரி