பஞ்சுவைக் காப்பாற்றியவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் வெள்ளைப் பூனை பஞ்சு நலம். தையல் பிரித்தாயிற்று. புற்றுக்காக வெட்டி எடுத்ததால் காதுமடல்கள் இரண்டும் இல்லை. பசி மட்டும் பழையபடியே இருக்கிறது. "இனி அவளுக்குக் காது கேட்குமா?" என்று விசாரிக்காதவர் இல்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேட்கிறது. மடல் ஒலியைத் திரட்டி உள்ளே அனுப்புகிறது, அவ்வளவுதான். கேட்கிற வேலை செவிப்பறைக்கும் உட்செவிக்கும் உரியது. மீன்காரர் தெருமுனையில் குரல் கொடுத்தால் எங்கள் வீட்டில் முதலில் எழுந்து உட்காருவது இன்றும் அவள்தான்.

நேரில் நன்றி சொன்னால் எல்லோரும் "இதற்கெல்லாம் எதற்கு?" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். எழுதிவிட்டால் மாற்ற முடியாதல்லவா!

மாடி வீட்டு அக்கா, உங்களுக்குத்தான் முதல் நன்றி. பஞ்சுவின் இடது காது நுனியில் இருந்த பொருக்கைப் பார்த்து, "சண்டையில் கிழிந்த காது என்றால் இந்நேரம் ஆறியிருக்க வேண்டுமே. இது அதே இடத்தில் காய்வதும் உதிர்வதுமாக இருக்கிறதே, ஏன்?" என்று கேட்டவர் நீங்கள். அதற்கு முன்பு நாங்கள் போய்வந்த ஒரு சிகிச்சையகத்தில் முதலில் பூஞ்சைக்குக் களிம்பும், பிறகு காதில் வாழும் உண்ணிக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். நம் ஊர்ப் பூனைகளுக்கு இரண்டும் அடிக்கடி வருபவை. முதலில் அவற்றைச் சந்தேகித்ததில் குறை சொல்ல எதுவும் இல்லை. மருந்துக்குப் புண் அடங்காதபோதும் அதே சீட்டைத் திரும்ப எழுதினார்களே, அதுதான் மனத்தாங்கல். அதற்குள் காதின் ஓரம் தீப்பட்ட காகிதம்போல் சுருண்டு அரித்துப்போயிருந்தது.

அடுத்து, மாலை நேர மருத்துவமனையில் இருக்கும் டாக்டரம்மா. காதைக் காட்டத்தான் பஞ்சுவைக் கொண்டுபோனோம். நீங்களோ மூக்கு நுனி, இமை ஓரம், தாடைக்கு அடியில் இருக்கும் நிணநீர்க் கணு எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தீர்கள். வெள்ளைப் பூனைகளுக்குக் காதோரத்தில் முடியும் குறைவு, நிறமியும் இல்லை. ஆண்டுக்கணக்கில் வெயில் படும்போது புறஊதாக் கதிர் அந்த இடத்துத் தோல் செல்களைக் கெடுத்துவிடும் என்று விளக்கினீர்கள். பஞ்சுவோ முற்பகல் முழுவதும் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் படுத்திருப்பவள். அதுவும் சென்னை வெயிலில். கடைசியில், "ஒரு துண்டு எடுத்துப் பரிசோதிக்காமல் இனி நான் களிம்பு எழுத மாட்டேன்" என்றீர்கள். இந்த மடலில் நான் எத்தனை பேருக்கு நன்றி சொன்னாலும், பஞ்சு பிழைத்தது அந்தப் பிடிவாதத்தால்தான்.

"கத்தி பட்டால் புற்று பரவும்" என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தடுத்தார்கள். அவர்களை உட்காரவைத்து, பரிசோதனைக்கு எடுக்கும் சிறு துண்டால் அப்படி நேராது, பெயர் தெரியாமல் மருந்து தடவிக்கொண்டிருக்கும் காலத்தில்தான் நோய் ஆழமாக இறங்கும் என்று நீங்கள் பொறுமையாகச் சொன்னதை அவர்கள் இப்போது மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தாங்களே கண்டுபிடித்ததுபோலத்தான் சொல்கிறார்கள், பொறுத்தருள்க.

பயாப்சித் துண்டை நுண்ணோக்கியில் பார்த்த நோய்க்குறியியல் மருத்துவரை நான் பார்த்ததே இல்லை. அறிக்கையின் அடியில் இருந்த கையெழுத்துக்கு வணக்கம். இடது காதில் இருப்பது ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்னும் தோல் புற்று என்றும், வலது காதில் அதற்கு முந்திய நிலை தொடங்கிவிட்டது என்றும் ஐயத்துக்கு இடமின்றி எழுதியிருந்தார். இந்த வகைப் புற்று இருக்கும் இடத்தைத்தான் குடைந்துகொண்டு போகும். நிணநீர்க் கணுவுக்கும் நுரையீரலுக்கும் பெரும்பாலும் தாமதமாகத்தான் செல்லும். ஆகவே சுற்றிலும் நல்ல தோலோடு சேர்த்து முழுமையாக வெட்டி எடுத்தால் நோய் அங்கேயே முடிந்துபோக நல்ல வாய்ப்பு உண்டு. கணுவில் ஊசி குத்தி எடுத்த மாதிரியிலும் மார்பு எக்ஸ்ரேயிலும் எதுவும் இல்லை என்று தெரிந்த அன்றுதான் எங்கள் வீட்டில் ஒழுங்காகச் சமைத்தோம்.

வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் அறுவை அரங்கில் பஞ்சுவின் காதுகளை எடுத்த மருத்துவருக்கும், மயக்கம் தெளியும் வரை அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்ற மாணவருக்கும் என் நன்றி. புற்றின் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் தள்ளி வெட்டி, குருத்தெலும்பின் மேல் தோலை இழுத்து மூடித் தைத்திருந்தார்கள். வெட்டிய ஓரத்தையும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அது சுத்தமாக இருப்பதாக முடிவு வந்தது.

ஆட்டோக்காரத் தம்பி, கூடையில் நோயாளி இருக்கிறது என்று வேகத்தடை ஒவ்வொன்றிலும் பூப்போல ஏறி இறங்கினீர்கள். காத்திருந்ததற்கும் பணம் வாங்கவில்லை. அடுத்த முறை வாங்கியே ஆகவேண்டும்.

மருந்துக்கடை அண்ணாச்சிக்குத் தனியாக ஒரு வணக்கம். வலி நிற்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் எங்கள் உறவினர் ஒருவர் பாராசிட்டமால் கேட்டு வந்தபோது, "பூனைக்கா? தரமாட்டேன், டாக்டர் சீட்டைக் கொண்டுவாருங்கள்" என்று திருப்பி அனுப்பினீர்கள். அந்த மருந்தை உடைத்து வெளியேற்றத் தேவையான நொதி பூனைக்குப் போதிய அளவு இல்லை; இரத்தச் சிவப்பணுக்கள் கெட்டு, ஒரே மாத்திரையில் உயிர் போய்விடக்கூடும் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். விற்பனையை விட்டுக்கொடுத்து ஓர் உயிரைக் காத்திருக்கிறீர்கள்.

தையலைச் சொறியாமல் இருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்போடு சுவரில் எல்லாம் முட்டிக்கொண்டிருந்தவளுக்கு மெத்தைத் துணியில் கூம்பு தைத்துக் கொடுத்த தையற்கடைக்காரர், கூலி கேட்டால் சிரிக்கிறார். மாடிக் கதவுக்கு மூங்கில் தட்டி கட்டிக் கொடுத்தவரும் அவரே. காலை பத்து முதல் மாலை நான்கு வரை பஞ்சுவுக்கு இனி மாடி கிடையாது. மனிதர்கள் பூசும் வெயில் களிம்பையும் பூசக்கூடாது, அதில் இருக்கக்கூடிய துத்தநாக ஆக்ஸைடை நக்கினால் அது வேறு கேடு. மூக்கிலும் இமையிலும் புற்று புதிதாக வரக்கூடும் என்பதால் அவ்வப்போது டாக்டரம்மாவிடம் காட்டிவருகிறோம்.

தெருவில் வெள்ளைக் காதுப் பூனைகள் இன்னும் சில திரிகின்றன. துணிக் கூம்பையும் கூடையையும் துவைத்துக் காயவைத்து வீட்டில் வைத்திருக்கிறேன். யாருக்கேனும் தேவைப்பட்டால், எந்த நேரமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
பஞ்சுவின் வீட்டார்
புரசைவாக்கம், சென்னை