‘செலவில்லாமல் செய்யலாம்’ என்று எழுதுவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வாரந்தோறும் வெளிவரும் கைவேலை மற்றும் அழகுக் குறிப்புகள் பக்கத்தை நான் தொடக்கத்திலிருந்தே வாசித்து வருகிறேன். 28 ஆண்டுகள் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், அப்படியொரு பக்கம் வருவதில் எனக்கு மகிழ்ச்சியே தவிர வேறில்லை. ஆயினும் சென்ற வாரம் வெளியான இரண்டு குறிப்புகளைப் படித்தபின் எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. ஒன்று, அச்சில் ஊற்றி இறுகவைக்கும் செயற்கைப் பிசினைக் கொண்டு ‘குறைந்த செலவில் ரெசின் தட்டு’ செய்யும் முறை. மற்றொன்று, எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைக் குழைத்துக் கைகளில் பூசி வெயில் கருமையைப் போக்கும் முறை. முதலாவது குறைந்த செலவு அன்று. இரண்டாவது செய்யவே கூடாதது.

ரெசின் தட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ‘ரெசின், ஹார்டனர், அச்சு, நிறப்பொடி இருந்தால் போதும்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். இருந்தால் போதும்தான், எந்த வீட்டில் இருக்கிறது? பேத்தி ஆசைப்பட்டாள் என்று சேலம் சின்னக்கடை வீதியில் நான்கு கடைகள் ஏறி இறங்கி விசாரித்ததில், ஒரே ஒரு தட்டுக்கு வேண்டியவற்றின் விலை 700 ரூபாயைத் தாண்டியது. அதைவிட நல்ல எவர்சில்வர் தட்டை அதே வீதியில் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கி விடலாம். இறுகாத ரெசின் கையில் பட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும் என்பதையும், கையுறை போட்டுக்கொண்டு காற்றோட்டமான இடத்தில்தான் அதைக் கலக்க வேண்டும் என்பதையும் குறிப்பில் காணவில்லை. பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் பக்கம் அது.

எலுமிச்சை விஷயத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டவள். பங்குனி பிறந்து விட்டால் சேலத்தில் ஜவ்வரிசி வடகம் போடாத மாடி குறைவு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில், வடகத்துக்காகப் பிழிந்த எலுமிச்சையின் மூடிகள் வீணாகின்றனவே என்று அவற்றை இரு முன்கைகளிலும் நன்றாகத் தேய்த்துக்கொண்டு, கழுவாமல் மாடிக்குப் போய், வேட்டியை விரித்து, ஒவ்வொரு கரண்டியாகக் கூழை ஊற்றி முடித்துக் கீழே இறங்க மணி பதினொன்று ஆயிற்று. அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் மாலை இரண்டு கைகளிலும் சூடுபட்டாற்போல் எரிச்சல் கண்டது. அதற்கு அடுத்த நாள் சாறு வழிந்த கோட்டிலேயே வரிசையாகக் கொப்புளங்கள் எழும்பின. கொப்புளம் அடங்கியபின் அதே கோடுகள் கருந்தழும்பாக நின்று, முழுதாக மறைய ஆடிப் பண்டிகை வந்து விட்டது. கருமையைப் போக்கப் போய்க் கருமையை விலைக்கு வாங்கிய கதை. எலுமிச்சையில், அதிலும் குறிப்பாக அதன் தோலில், வெயில் பட்டவுடன் சருமத்தைச் சுடும் வேதிப்பொருள்கள் உள்ளன என்று தோல் மருத்துவர் விளக்கியபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. சாற்றைத் தடவியவர் நிழலில் இருந்து, நன்றாகக் கழுவிவிட்டால் பெரும்பாலும் தப்பித்து விடுவார். வெயிலில் போனவர்தான் மாட்டிக்கொள்வார். ஆகவே ‘நான் பூசினேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று யாராவது தங்களுக்கு எழுதினால் அது சான்றாகாது.

சமையல் சோடாவின் பங்கையும் சொல்லிவிடுகிறேன். நம் தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உடையது; பி.எச். அளவில் 5-ஐ ஒட்டி இருக்கும். சோடாக் கரைசலோ 8-க்கு மேல், அதாவது காரத்தன்மை உடையது. அதைத் தேய்க்கத் தேய்க்கத் தோல் வறண்டு, காக்கும் மேற்பூச்சை இழக்கிறது. எலுமிச்சைச் சாற்றோடு கலந்தவுடன் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து, அழுக்கைப் பிய்த்து எடுக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு கரியமில வாயுவை வெளியேற்றுவதே அந்த நுரை. தோலில் உள்ள அழுக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்படிக் குறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது ஓர் ஆசிரியைக்கு அழகன்று. கையில் இருப்பதைக் கொண்டு செய்வதற்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. முதல் சரக்குத் தங்கள் நாளிதழேதான். பழைய செய்தித்தாளும் வெந்தயமும் கொண்டு கூடை செய்வதும் முறத்துக்குப் பூசுவதும் நம் பாட்டிமார் காலத்து வேலை. ஒரு கிலோ தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டு, தண்ணீரை ஒருமுறை மாற்ற வேண்டும். நூறு கிராம் வெந்தயத்தைத் தனியே ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். பிறகு தாளை ஒட்டப் பிழிந்துவிட்டு இரண்டையும் சேர்த்து ஆட்டுக்கல்லில் ஆட்டினால், வெந்தயத்தின் வழுவழுப்பு தாளின் நாரோடு சேர்ந்து, சப்பாத்தி மாவு பதத்தில் சாம்பல் நிற உருண்டை கிடைக்கும். மிக்ஸியில் அரைப்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு அரைப்பது நல்லது. நான் அவசரப்பட்டு ஒருமுறை நிறையப் போட்டதில் மிக்ஸி நின்றே போனது. கவிழ்த்த பாத்திரத்தின் மேல் ஈரத்துணியை விரித்து, அரை விரல் கனத்துக்கு இந்த உருண்டையைத் தட்டித் தட்டி அப்ப வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சேலத்து வெயிலில் நேராகக் காயவைத்தால் கூடை ஓரத்தில் வெடித்துவிடும். முதல் இரண்டு நாள் நிழல், பாத்திரத்தை உருவியபின் மூன்றாம் நாள் வெயில் என்பதே சரியான முறை. கூடுதல் பிடிப்பு வேண்டுமானால் உடைந்த ஜவ்வரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சி ஒரு கரண்டி சேர்க்கலாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் சேலம் ஜவ்வரிசியை வடகத்துக்கும் பாயசத்துக்கும் அப்பால் நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. முன்பெல்லாம் புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு என்பதால் வீட்டில், அதுவும் குழந்தைகள் கைவைக்கும் வேலையில், வேண்டவே வேண்டாம். வெந்தயத்தின் கசப்பே பூச்சியை ஓரளவு தள்ளி வைக்கும். அதன் வாசனை ஒரு மாதம் போகாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கூடையில் வளையல், நூல், சாவி வைக்கலாம். பலகாரம் வைக்கக் கூடாது. அச்சு மை உணவில் ஏறும் என்பதால் செய்தித்தாளில் உணவுப் பொருளைப் பொதியாதீர்கள் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே அறிவுறுத்தியிருக்கிறது.

அடுத்தது பட்டுநூல் வளையல். வெண்பட்டுக்குப் பெயர்போன ஊரில் இருந்துகொண்டு, கடையில் விற்கும் ‘சில்க் த்ரெட்’ உண்மையில் பட்டு அன்று, பெரும்பாலும் ரேயான் நூல்தான் என்பதைச் சொல்லாமல் விட்டால் நெசவாளர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். இருந்தாலும் நிறம் பளிச்சென்று இருக்கும். ஒரு கண்டு 15 ரூபாய்க்குள் கிடைக்கிறது. நிறம் மங்கிய பழைய பிளாஸ்டிக் வளையல்களே போதும். புதிதாக வாங்க வேண்டியதில்லை. 20 இழைகளை ஒன்றாகச் சேர்த்து, முறுக்கு விழாமல் பட்டையாக நீவிவிட்டு, வளையலின் உட்பக்கம் துளி பசை வைத்து, இழைக்கு இழை ஒட்டிச் சுற்ற வேண்டும். முறுக்கு விழுந்த இடம் வெளிச்சத்தில் தழும்பாகத் தெரியும். பிரித்துத்தான் சுற்ற வேண்டும், வேறு வழியில்லை. மூன்று நான்கு வளையல்களைச் சேர்த்து ஒட்டி அகல வளையலாகச் செய்பவர்கள், வழக்கமாக இரண்டு-நான்கு அணிபவராக இருந்தால் இரண்டு-ஆறு அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லாததால் எத்தனையோ பிள்ளைகள் அழகாகச் செய்துவிட்டுக் கையில் ஏறாமல் விழித்ததை வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

நைந்த எட்டு முழ வேட்டியில், கிழிந்த நடுப்பகுதி போக, காய்கறி வாங்கும் அளவில் ஆறு பைகளாவது தேறும். 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியபின் பையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டதால் நான் நீட்டவில்லை. பிடியைத் தைக்கும் இடத்தில் பெருக்கல் குறிபோலக் குறுக்குத் தையல் போடுங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். இரண்டு கிலோ வெங்காயம் போட்டால் முதலில் அறுவது அந்த இடம்தான்.

அழகுக் குறிப்புகளில் ஊரின் தட்பவெப்பத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஏற்காட்டில் வசிக்கும் என் நாத்தனார் ஒரு பங்கு தேன்மெழுகுக்கு மூன்று பங்கு தேங்காய் எண்ணெய் சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, உதட்டு வெடிப்புக்குப் பூசும் களிம்பு செய்வார். மலைக்குளிருக்கு அது அருமையாக நிற்கும். அதே டப்பாவை அவர் எனக்குக் கொடுத்தனுப்பியபோது சித்திரை மாதம். அம்மாப்பேட்டை வந்து சேர்வதற்குள் களிம்பு குழைந்து எண்ணெய் பிரிந்து என் கைப்பையின் உள்துணி முழுவதும் பரவியிருந்தது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உருகுவது, தேன்மெழுகு 60 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆகவே சமவெளியில் இருப்பவர்கள் ஒரு பங்கு மெழுகுக்கு இரண்டு பங்கு எண்ணெய் என்ற அளவில் மெழுகைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மெழுகுவத்தியை உடைத்துப் போட்டால் ஆகாதா என்று கேட்பவர்களுக்கு: அது வேறு மெழுகு, உதட்டுக்கு உரியதன்று. ஏற்காட்டுக்குச் சுற்றுலா போய்வருபவர்கள் வாங்கிவரும் தைலங்களுக்கும் எச்சரிக்கை வேண்டும். மணம் நன்றாக இருக்கிறதென்று அப்படியே தோலில் தேய்க்கக் கூடாது; ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு சொட்டுப் போதும்.

நலங்கு மாவுக்குச் சேலத்தைச் சுற்றியுள்ள காட்டில் ஆவாரம்பூ இலவசம். காப்புக் கட்டும் நாளில் வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் வாசலில் செருகுகிறோமே, அதே பூதான். நிழலில் காயவைத்து, பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, வெட்டிவேர் சேர்த்து மாவு மில்லில் அரைத்து, வெள்ளைத் துணியில் சலித்துக்கொண்டால் ஈரம் படாதவரை மாதக்கணக்கில் கெடாது. கலக்கும்போதே தயிரோ பாலோ சேர்த்து டப்பாவில் வைப்பதுதான் தவறு. நீர் சேர்ந்த எதையும் அன்றே பயன்படுத்திவிட வேண்டும். புதிதாக எதைப் பூசுவதானாலும் முழங்கை மடிப்பில் சிறிது தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பூசுவது நல்லது. மருதாணியும் அப்படியே. வேலியோரத்து இலையை அரைத்தால் இரவு முழுவதும் காத்திருக்க வேண்டும், மறுநாள் ஆரஞ்சாக இருந்து பிறகுதான் செவ்வரக்காக மாறும். ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் கோன் வெறும் மருதாணியாக இருக்க முடியாது. அதில் தலைச்சாயத்தில் போடும் ரசாயனம் சேர்ந்திருக்கக்கூடும், குழந்தைகளின் கையில் அது கொப்புளத்தை உண்டாக்கலாம்.

இவற்றை வீட்டுக்குச் செய்துகொள்வது வேறு, பொட்டலம் போட்டு விற்பது வேறு என்பதையும் ஒரு வரியில் தாங்கள் எழுத வேண்டும். அழகுப் பொருள்களைத் தயாரித்து விற்பதற்கு 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்படி உரிமம் தேவை. எங்கள் தெருவில் மகளிர் குழுவினர் இருவர் இது தெரியாமலே நலங்கு மாவு வியாபாரத்தில் இறங்கிவிட்டு, பிறகு தவித்தார்கள்.

ஆசிரியர் அவர்களே, குறிப்பை அச்சிடும்போது வீட்டில் இருப்பது எது, வாங்க வேண்டியது எது, வாங்குவதற்கு ஆகும் தொகை எவ்வளவு, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், யார் செய்யக் கூடாது என்று அடியில் நாலைந்து வரி சேர்ப்பது தங்களுக்குச் சிரமமான காரியமன்று. செய்து பார்த்தவரிடம் கேட்டாலே தெரிந்துவிடும். யாரும் செய்து பார்க்காத குறிப்பானால் அதை அச்சிடாமல் விடலாம்.

பள்ளித் தேர்வுகள் முடிய இன்னும் மூன்று வாரமே இருக்கிறது. அதன் பிறகு பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், வடகம் காக்க மாடிக்கும் அவர்களைத்தான் அனுப்புவோம். அதற்குள் எலுமிச்சைக் குறிப்புக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். எங்கோ ஒரு மூலையில் அன்று, குறிப்பு வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
அம்மாப்பேட்டை, சேலம்.