ஒகேனக்கல் தண்ணீரில் போர் தண்ணீரைக் கலக்காதீர்கள்

எங்கள் பேரூராட்சிக்குக் குடிநீர் வழங்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

தர்மபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ஃபுளோரோசிஸ், அதாவது ஃபுளோரைடு மிகுந்த தண்ணீரால் பல்லும் எலும்பும் கெடும் நோய், அதன் பாதிப்பைக் குறைப்பதும் சேர்ந்திருக்கிறது. ஜப்பான் கடனில் கட்டி, 2013இல் திறந்தார்கள். அன்று நாங்களும் பட்டாசு வெடித்தோம்.

போன செவ்வாய் இரவு பழைய போர் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டு டேங்க் பக்கம் போனேன். ஒகேனக்கல் தண்ணீர் ஏறும் அதே தொட்டியில் போர் தண்ணீரும் விழுந்துகொண்டிருந்தது. "வர்ற தண்ணி பத்தலைண்ணே, கலந்து விடச் சொல்லியிருக்காங்க" என்றார் ஆபரேட்டர். அவர் என்ன செய்வார், பாவம். மறுநாள் பள்ளிக்கூட அறிவியல் ஆசிரியர் எங்கள் குழாய்த் தண்ணீரைப் பரிசோதித்தார். சிவப்பு மருந்து மஞ்சளாகிவிட்டது, ஃபுளோரைடு அதிகம் என்பதற்கு அதுதான் அடையாளம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத ஊரில்கூட ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அரசு விதி. எங்களுக்குத்தான் வழி இருக்கிறதே.

என் மகள் பத்தாம் வகுப்பு. சின்ன வயதில் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். சிரிப்பு வந்தால் அவள் கை தானாக வாய்க்குப் போகும். வகுப்பு போட்டோவில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாள். உற்றுப் பார்த்தால் அதே வரிசையில் இன்னும் நாலைந்து பிள்ளைகள் அப்படித்தான். உப்பு, கரி, விதவிதமான பேஸ்ட் எல்லாம் தேய்த்தாயிற்று. எனாமல் உருவாகும்போதே சேர்ந்த கறை, தேய்த்தால் போகாது என்று பல் டாக்டர் சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் அவள் போட்டோவுக்கே நிற்பதில்லை.

மனு கொடுக்கப் போனால் "காய்ச்சிக் குடியுங்கள்" என்கிறீர்கள். ஐயா, காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடு என்ன கிருமியா? ஆவியாகப் போவது தண்ணீர்தான், அது பாத்திரத்திலேயே கிடக்கும். கொதிக்கக் கொதிக்க அளவு கூடும். இதை எனக்குச் சொன்னதே என் மகள்தான். உங்கள் கூட்டங்களில் மேஜைக்கு மேஜை வைக்கும் பாட்டில் தண்ணீரையும் காய்ச்சித்தான் குடிக்கிறீர்களா? கேன் வாங்கலாமே என்று அடுத்து சொல்வீர்கள். கூலிக்குப் போகிற வீட்டில் தினம் ஒரு கேனுக்குக் காசு எங்கே? குடிநீர் வரியை மட்டும் பாக்கியில்லாமல் வாங்கிக்கொள்கிறீர்கள்.

சரி, கோபத்தை விடுகிறேன். கேட்பது ஒன்றுதான். குடிநீர்த் தொட்டியில் போர் தண்ணீரை ஏற்றாதீர்கள். பற்றவில்லையா, ஒருநாள் விட்டு ஒருநாள் விடுங்கள், வீட்டுக்கு நாலு குடம் என்று அளந்து கொடுங்கள், வரிசையில் நிற்கிறோம். துவைக்க, கழுவப் போர் தண்ணீரைத் தனிக் குழாயில் விடுங்கள். கலக்க மட்டும் வேண்டாம்.

என் சின்னவனுக்கு நாலு வயது. பால் பல் விழுந்து முளைக்கப்போகிற பற்கள் இப்போதுதான் அவன் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அதனால் இந்த வாரமே அந்த மோட்டாரை நிறுத்தும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டேங்க் தெருக்காரன்