சுவருக்குள் இருக்கும் கடல்

கீழக்கரை

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஜித்தாவின் பழைய நகரத்தில் நீ எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பூச்சு உதிர்ந்த இடத்தில் தெரிவது செங்கடலின் பவளப்பாறையிலிருந்து வெட்டி எடுத்த பவளக்கல். தனுஷ்கோடியில் 1964 புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவரிலும் பவளக்கல்தான். தடவினால் சிறு சிறு கண்கள் விரலில் நெருடும்.

உன் கல்லூரிப் பாடத்தில் எகிப்து, கிரேக்கம், ரோம் எல்லாம் இருந்தன. இருக்கட்டும். கம்பியே இல்லாமல் 43 மீட்டர் அகலக் குவிமாடத்தை நிறுத்திய ரோமின் பாந்தியன் கோயிலுக்கு நானும் தலை வணங்குகிறேன். ஆனால் நம் இந்தியப் பெருங்கடலைச் சுற்றி எழுந்த கட்டடங்களுக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்காதது எனக்குப் பொறுக்கவில்லை. ஆப்பிரிக்கக் கரையில் கில்வாவின் பெரிய பள்ளிவாசல் பவளக்கல்லில் எழுந்தது. 14ஆம் நூற்றாண்டிலேயே அதற்குக் குவிமாடங்கள் வைத்துவிட்டார்கள். மாலத்தீவில் 1658இல் கட்டிய ஜும்மா பள்ளியின் சுவரில் கல்லைக் கல்லோடு கோத்தே பூட்டியிருக்கிறார்கள். கடலிலிருந்து எடுத்த ஈரத்தில் பவளக்கல் வாள் போட்டால் அறுபடும், காய்ந்தால் இறுகிவிடும். அதை அறிந்த கைகள் அவை.

பவளக்கல்லின் பகை உப்பு. சுண்ணாம்புப் பூச்சு என்றால் சுவரின் ஈரம் வெளியேறிவிடும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, கல்லையே பொடியாக்கும். போன கல்லுக்கு வேறு கல் வைக்கவும் வழியில்லை. மன்னார் வளைகுடாவில் பவளம் எடுக்கத் தடை இருக்கிறது, வேண்டிய தடைதான். வெட்டி வெட்டியே இரண்டு தீவுகள் நீரில் மூழ்கின. ஆகவே இருக்கும் சுவர்களைக் காப்பாற்றியாக வேண்டும்.

உன் மாமி வீட்டுக் கடற்புறப் பவளக்கல் சுவருக்குச் சிமெண்ட் பூச ஆள் பேசியிருக்கிறார்கள். நான் சொன்னால் "பழைய காலத்துப் பேச்சு" என்கிறார்கள்; பொறியாளர் நீ சொன்னால் கேட்பார்கள். ஜித்தாவில் பழைய வீடுகளைப் பழுது பார்க்கும் கொத்தனார்களிடம் போய் நில். சுண்ணாம்பில் என்ன கலக்கிறார்கள், எத்தனை நாள் ஊற வைக்கிறார்கள், சுவருக்குள் படுக்கையாக வைத்த மரக்கட்டைகளுக்கு இடையே எவ்வளவு உயரம் விடுகிறார்கள் என்று கேட்டு, அளந்து எழுது. மாமிக்கும் தனியாக ஒரு போன் போடு. வெள்ளிக்கிழமை கழித்து வேலை தொடங்குவதாகச் சொல்கிறார்கள்.

உன் வாப்பா