டான் மியூசிக்கையும் கொஞ்சம் நினையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

பழைய குழந்தைகள் தொலைக்காட்சி பற்றி யார் எழுதினாலும் செசமி ஸ்ட்ரீட்டின் பிக் பேர்ட், எல்மோ, குக்கீ மான்ஸ்டர் என்று அதே பெயர்களோடு நிறுத்திவிடுகிறார்கள். 1969 நவம்பரில் அமெரிக்காவில் தொடங்கிய அந்த நிகழ்ச்சியில் ஓரமாக வந்துபோன பொம்மைகள் எத்தனை!

டான் மியூசிக் என்று ஒருவர், பியானோ முன் உட்கார்ந்து பாட்டு எழுதுவார், கடைசி வார்த்தை மட்டும் சிக்காது, உடனே மனமுடைந்து தலையைப் பியானோ கட்டைகளில் மோதிக்கொள்வார், அப்புறம் தவளை கெர்மிட் யோசனை சொல்லச் சொல்ல அந்தப் பாட்டு வேறொரு பாட்டாகவே மாறிவிடும். எதையாவது எழுதிப் பார்த்தவர்களுக்கு அந்தத் தவிப்பு நன்றாகவே புரியும். அந்தப் பொம்மையை இயக்கிக் குரலும் கொடுத்த ரிச்சர்ட் ஹன்ட் 1992-இல் இறந்துபோனார்.

இன்னொருவன் ரூஸ்வெல்ட் பிராங்க்ளின். வகுப்பறையில் பாட்டும் தாளமுமாகப் பாடம் நடத்திய கறுப்பினச் சிறுவன், குரல் மாட் ராபின்சனுடையது. அவன் பேசும் விதம் கறுப்பினக் குழந்தைகளைத் தவறாகக் காட்டுகிறது என்று எதிர்ப்பு வந்ததால் எழுபதுகளின் நடுவிலேயே அவனை நிறுத்திவிட்டார்கள். எதிர்ப்பில் நியாயம் இருந்திருக்கலாம், ஆனால் அவன் பாடல்களில் இருந்த துள்ளல் வேறு எந்தப் பொம்மையிடமும் எனக்குக் கிடைக்கவில்லை.

அதே நிகழ்ச்சியின் எர்னி என்ற பொம்மை பாடிய ரப்பர் வாத்துப் பாட்டு 1970-இல் அமெரிக்காவின் பிரபல பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 16-ஆம் இடம் வரை போனது, சரி, அதை யாரும் மறக்கப் போவதில்லை. மற்றவர்களின் பாட்டுகளை நினைவு வைத்திருக்கும் வாசகர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்