உடற்பயிற்சி ஆய்வில் நம் ரத்தமும் சேரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தினமும் நடக்கிறேன், ஆனாலும் சர்க்கரை இறங்கவே இல்லை என்ற புலம்பலை சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே தினமும் கேட்கிறேன். எனக்கும் அதே கதைதான். ஒல்லியான உடம்பு, 51 வயதில் இனிப்புநீர்.

போன வருடம் ஓர் ஆய்வில் சேர்ந்தேன். வெறும் வயிற்றில் போனேன், கையில் ஊசியைப் பொருத்தி சைக்கிள் மிதிக்க வைத்தார்கள், மிதிப்பதற்கு முன்பும் நிறுத்திய உடனேயும் ஒரு மணி நேரம் கழித்தும் ரத்தம் எடுத்தார்கள். எடுத்த ரத்தத்தில் சர்க்கரையை மட்டும் பார்க்கவில்லை, அமினோ அமிலம், கொழுப்பு, லாக்டேட் என்று நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மூலக்கூறுகளை ஒரே மூச்சில் அளக்கிறார்கள். இதற்கு மெட்டபாலோமிக்ஸ் என்று பெயர்.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேடிப் படித்தேன், பிரமித்துப் போனேன். அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரின் பெயரில் பல்லாண்டுகளாக நடக்கும் இதய நோய் ஆய்வில் சேர்ந்தவர்களில் 411 பேரை சுமார் 12 நிமிடம் சைக்கிள் மிதிக்க வைத்து அளந்த 588 மூலக்கூறுகளில் 502இன் அளவு மாறியிருந்ததாம், 2020இல் வெளியிட்டிருக்கிறார்கள். பன்னிரண்டே நிமிடம்! 2022இல் வந்த இன்னொரு ஆய்வு லாக்-ஃபே என்ற மூலக்கூறைப் பற்றியது. கடுமையாக உழைக்கும்போது உண்டாகும் லாக்டேட்டும் ஃபீனைல்அலனைன் என்ற அமினோ அமிலமும் சேர்ந்து உருவாவது அது, பருத்த எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது அவை குறைவாகத் தின்றன. மனிதர்களில் முழு வேகத்தில் சைக்கிள் மிதித்தபோதுதான் அது அதிகம் ஏறியது, எடை தூக்கியபோது அதற்கு அடுத்து, மெதுவாக நெடுநேரம் மிதித்தபோது மிகக் குறைவு. லாக்டேட் என்றாலே உடம்பு வலியைக் கொடுக்கும் கழிவு என்றுதான் நாம் கேட்டு வளர்ந்தோம், ஆனால் இதயமும் தசையும் அதை எரிபொருளாகவே பயன்படுத்துகின்றன.

சரி, இதில் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். ஃபிராமிங்ஹாம் ஆய்வில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். இந்தியர்களான நம்மில் பலருக்கோ எடை கூடாமலே இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகிறது, சிங்கப்பூரில் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 23ஐத் தாண்டினாலே கவனமாக இருக்கச் சொல்வதும் ஆசியர்களின் உடல்வாகைப் பார்த்துத்தான். அவர்களுடைய ரத்தத்தில் 12 நிமிடத்தில் நடந்தது நம் ரத்தத்திலும் அப்படியே நடக்குமா? நம்மவர்கள் ஊசிக்குக் கையை நீட்டினால்தான் தெரியும். ஆனால் அழைப்பு வந்தால், "ரத்தம் எடுத்தா தெம்பு போயிடும்" என்று தலையாட்டி விடுகிறோம். மூன்று முறை எடுத்த பிறகும் நான் அன்று சாயங்காலமே தேக்காவில் காய்கறி வாங்கித் தூக்கி வந்தேன்.

தவறு நம் பக்கம் மட்டும் இல்லை. நான் போன இடத்தில் சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. எனக்குப் பக்கத்தில் காத்திருந்த அம்மா, தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர், சேர ஆசையாக வந்தவர், கடைசியில் கையெழுத்துப் போடாமலே எழுந்து போய்விட்டார். இங்கே தமிழ் அதிகாரத்துவ மொழி, பலதுறை மருந்தகத்தில் தமிழில் துண்டறிக்கை கிடைக்கிறது, அப்புறம் ஆய்வுப் படிவத்துக்கு மட்டும் ஏன் இல்லை? ஆய்வாளர்கள் தமிழ்ப் படிவத்தோடு சமூக மன்றத்துக்கும் கோயில் வாசலுக்கும் வரட்டும், ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்காகச் சனி ஞாயிறும் திறந்து வைக்கட்டும். இப்படி ஆள் தேடும் அறிவிப்பு வரும்போது அதைத் தமிழில் எங்கள் கண்ணில் படும் இடத்தில் நீங்களும் போடுங்கள். அடுத்த முறை நான் என் அண்ணனையும் அண்ணியையும் கூட்டிப் போகிறேன், இருவருமே வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி