செப்புச் சொம்பும் பித்தநீரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் செப்புப் பாத்திரத் தண்ணீரைப் பற்றிய கட்டுரையில், அது ஈரலில் தங்கிய உலோக நச்சையெல்லாம் கழுவிவிடும் என்று ஒரு வரி. கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

ஈரல் கழுவத்தான் செய்கிறது, பித்தநீரால். நாளொன்றுக்கு அரை லிட்டருக்கும் மேல் அது சுரக்கிறது. சாப்பாட்டில் வரும் செம்பில் உடம்புக்கு வேண்டியது போக மிச்சத்தை ஏடிபி7பி என்ற புரதம் பித்தநீரில் தள்ளிவிட, அது மலத்தோடு போய்விடும். சிறுநீரில் போவது சொற்பம். மாங்கனீசுக்கும் இதுதான் முக்கிய வழி. ஆக, செம்பே ஈரல் வெளியே தள்ளுகிற சரக்கு. அதைக் குடித்து எதைக் கழுவுவது?

எல்லா உலோகமும் இப்படிச் சொன்னபடி கேட்காது. பாதரசத்தின் ஒரு சேர்மமான மீதைல் பாதரசம் பித்தநீரில் இறங்கும், ஆனால் குடல் அதில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். 1971-72இல் ஈராக்கில் பாதரச மருந்து தடவிய விதைக் கோதுமையில் ரொட்டி சுட்டுத் தின்றவர்களுக்கு, குடலிலேயே பாதரசத்தைப் பிடித்துவைக்கும் பிசினைக் கொடுத்துப் பார்த்தது இதனால்தான். காட்மியமோ சிறுநீரகத்தில் வருடக்கணக்கில் உட்கார்ந்துவிடும்.

ஏடிபி7பி புரதத்தை உண்டாக்கும் மரபணு தாய், தந்தை இருவர் வழியிலும் பழுதாக வந்தால் வில்சன் நோய். சொந்தத்தில் பெண் கொடுத்து எடுக்கும் நம் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். செம்பு ஈரலில் சேர்ந்து, பிறகு மூளைக்குப் போகும். பித்தம் தலைக்கேறிவிட்டது என்போமே, இங்கே பித்தத்தில் இறங்காத செம்பு தலைக்கேறுகிறது. கை நடுங்கும், பேச்சு குழறும், கையெழுத்து கோணலாகும். படிக்கிற பிள்ளைக்குச் சோம்பேறிப் பட்டம்தான் கிடைக்கும். நேரத்தில் கண்டுபிடித்தால் மருந்து உண்டு: 1956இல் வந்த பென்சிலமின் செம்பைச் சிறுநீர் வழியாக இழுத்து வெளியேற்றும். மருந்தை ஆயுள் முழுக்க விடக்கூடாது.

கைக்குழந்தைக்கும் பித்தநீரில் செம்பைத் தள்ளும் திறன் முழுதாக வந்திருக்காது. ஈயம் பூசாத பித்தளையில் காய்ச்சி வைத்த பால் செம்பை இழுத்துக்கொள்ளும். அதைக் குடித்து ஈரல் சுருங்கிய குழந்தைகளைப் பற்றி 1980களில் புனே மருத்துவர்கள் எழுதினார்கள். வீடுகளில் எவர்சில்வர் வந்த பிறகு அந்த நோய் அரிதாகிவிட்டது.

பெரியவர்கள் செப்புச் சொம்பில் தண்ணீர் குடிப்பதில் எனக்கு வழக்கில்லை. என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. குழந்தைப் பாலுக்கும் வில்சன் நோயாளிக்கும் அது ஆகாது என்பதை மட்டும் அடுத்த இதழில் நாலு வரி போடுங்கள்.

வாசகி, கும்பகோணம்